சாயங்காலம் சொல்ல வேண்டியது

இதைத் தப்பாகத்தான் சொல்லப்போகிறோம் என்பது செண்பகவல்லிக்குக் காலையிலேயே, பல் விளக்கும்போதே தெரிந்துவிட்டது. மூங்கில் குடிசைக்கு வெளியே ஒரு குழாய், குழாய்க்கு நேர் எதிரே கடல். வாயில் நுரையோடு நிமிர்ந்தால் அவ்வளவு பெரிய தண்ணீர் வேலைவெட்டி இல்லாமல் சும்மா கிடக்கிறது. அதைப் பார்த்தபடி மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். என்னங்க, நம்ம தாரணிக்கு ஒரு பையன், என்று ஆரம்பித்ததுமே, அவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன் என்பதுதான் அடுத்து வந்து வாசலில் நின்றது. கொப்பளித்துத் துப்பினாள். அவளுக்கு எப்போதும் அப்படித்தான். எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் கெட்டது முதல் ஆளாக வந்துவிடும், நல்லது உள்ளே எங்கேயோ செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். கொழுந்தனார் வண்டியிலிருந்து விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்ட அன்றைக்கு அவள்தான் போன் போட்டு, ஒண்ணும் பயப்படாதீக என்று ஆரம்பித்தாள். அந்த இரண்டு வார்த்தைக்கே மாமியார் வீட்டில் ஆள் கூடிவிட்டது, ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள், கொழுந்தனார் கையில் பிளாஸ்திரியோடு டீ குடித்துவிட்டு வந்து, இங்க யாரு செத்தா என்று கேட்டார். அதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆனால் இது சிராய்ப்பு இல்லையே, பிள்ளையின் வாழ்க்கை ஆச்சே. கடை கண்ணி மூடுமுன் சாயங்காலம் கோவில்பட்டிக்குப் பேச வேண்டும், தாரணி முடிவாகச் சொல்லிவிட்டாள். இந்தத் தீவில் போனில் சிக்னல் கிடைப்பதே படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில்தான். அங்க போய் நின்னு அப்பாகிட்ட நீதாம்மா சொல்லணும், நான் சொன்னா சண்டை ஆயிரும், நீ சொன்னாத்தான் கேப்பாரு என்றாள். இருபத்தெட்டு வருசத்தில் அவர் என்றைக்குக் கேட்டார் என்று தாரணியிடம் கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை.

இப்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தாரணியும் அந்தப் பையனும் தண்ணீருக்குள் இருக்கிறார்கள். கரையில் சாய்ந்து வளர்ந்த மரத்தின் அடியில் பாயை விரித்து, மூன்று பைகளையும் சுற்றி வைத்து, அவற்றின் வார்களைக் கணுக்காலில் சுற்றிக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கிறாள், மதுரை ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருக்கிற மாதிரி. அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தம்பதி போனையும் பர்ஸையும் மணலில் போட்டுவிட்டுக் கடலுக்குள் போயே ரொம்ப நேரமாகிறது. அவர்களுடையதையும் சேர்த்து இவள்தான் ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். முதுகில் மாட்டுகிற இந்தப் பையைத் தாரணி வாங்கிக் கொடுத்தபோது, என்னட்டி, பள்ளிக்கூடத்துக்கா அனுப்பப் போறே என்று கேட்டாள். ஏழாவதோடு நின்றுபோன பள்ளிக்கூடம். அதற்கப்புறம் தீப்பெட்டி ஆபீஸ், சட்டத்தில் குச்சி அடுக்குகிற வேலை. ஊர் ஊராக இப்படிப் பையை மாட்டிக்கொண்டு சுற்றுவதுதான் இப்போதைய பிள்ளைகளுக்குச் சந்தோசமாம். எங்கே தோணுகிறதோ அங்கே தங்கலாம், எப்போது தோணுகிறதோ அப்போது கிளம்பலாம். செண்பகவல்லிக்கு எங்கேயும் தங்கத் தோணவில்லை, கிளம்பவும் தோணவில்லை, இட்லிப்பொடி டப்பா பைக்குள் கவிழாமல் இருந்தால் போதும். ஆனால் பொய் சொல்லக்கூடாது, இந்த மணல் மாவு மாதிரி இருக்கிறது. வலையில் கட்டிய அந்தத் தூளியில் நேற்று யாரும் இல்லாத நேரத்தில் ஏறிப் படுத்துப் பார்த்தாள். மேலே இலை, இலைக்கு மேலே வானம், கடைசியாக அவளை யார் தூளியில் போட்டு ஆட்டினார்களோ, அப்படியே தூங்கிப்போனாள். முழித்தபோது கால்மாட்டில் கொசுவத்தி ஒன்று புகைந்துகொண்டிருந்தது. தாரணி வைத்திருப்பாள் என்று நினைத்தாள். தாரணிக்கு அந்தப் புத்தியெல்லாம் கிடையாது என்பது ராத்திரிச் சோற்றில் கை வைத்த பிறகுதான் உறைத்தது. என்னங்க, பையன் கொசுவத்தி வச்சான். இப்படி ஆரம்பித்தால் என்ன? கட்டினவர் சங்கரலிங்கம் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியாதா. சரி, வச்சான், விசயத்துக்கு வா என்பார். இவள் பேச்சில் எங்கேயோ ஒரு கெட்டது இருக்கிறது என்று அவருக்கும் பழகிப்போயிற்று, அது வெளியே வரும்வரை உம் கொட்டிக்கொண்டே இருப்பார், அந்த உம்மில்தான் இவளுக்கு நாக்கு குழறும்.

தண்ணீரில் ஒரு கறுப்புக் குழாயும் ஒரு ஆரஞ்சுச் சட்டையும் தெரிகின்றன. கண்ணாடியை மாட்டி, வாயில் குழாயைக் கடித்து, குப்புற மிதந்துகொண்டு அடியில் மீன் பார்க்கிறார்களாம். குழாய் தாரணி. ஆரஞ்சு மிதவைச் சட்டை அந்தப் பையன், நல்லசிவம். எனக்குச் சட்டை வேண்டாம் என்று தாரணி குதித்துவிட்டாள். அவன், நான் கிணத்துல நீச்சல் பழகுனவனுங்க, கிணத்துல அலை கிடையாதுங்களே என்று சொல்லி வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்து மாட்டிக்கொண்டான். பயந்தவன். பயப்படுகிறவனைச் செண்பகவல்லிக்குப் பிடிக்கும், தைரியசாலிகளோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். பெருந்துறைப் பக்கம். பேசினால் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ ஒட்டிக்கொள்ளும், மழைக்கும் ‘ங்க’, மீனுக்கும் ‘ங்க’. முதலில் இது நம்மை ஏய்க்கிற மரியாதை என்று நினைத்தாள். போர்ட் பிளேயர் துறைமுகத்தில் வந்து நின்று வணக்கம் வைத்தபோது, என்கூட வேலை பாக்குறவர்மா, அவரும் சுத்த வந்திருக்கார் என்று தாரணி சொன்னாள், அவளும் நம்பினாள். நம்பினாளா? குடிசை தனியா, எந்தக் குடிசை, எவ்வளவு தள்ளி என்று கேட்டு, போய் நின்று பார்த்துவிட்டுத்தானே அன்றைக்குப் படுத்தாள். இந்தத் தீவுக்கு வரும்போது கப்பலில் அவளுக்கு ஒரே வாந்தி. எழுந்திருக்க முடியவில்லை, தாரணி மாத்திரை தேடிக் கப்பல் முழுக்க ஓடுகிறாள், அடுத்த இருக்கையிலிருந்து அந்தப் பையன் பாலித்தீன் பையை விரித்து அவள் வாய்க்குக் கீழே பிடித்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கூசிப்போயிற்று. பெற்ற பிள்ளைகூட மூக்கைப் பிடிக்கும். எங்க அம்மாவுக்கும் பஸ்ஸுல போனா இப்படித்தானுங்க என்று மட்டும் சொன்னான். இதைச் சொல்லலாமா அவரிடம்? வாந்தி பிடிச்சான்னு பொண்ணைக் கொடுக்க முடியுமாட்டி என்பார். நியாயம்தான். சொல்லும்போதே எல்லாம் சுருங்கிப்போகிறது. நடந்தபோது கப்பல் அளவுக்கு இருந்தது, சொன்னால் ஒரு பாலித்தீன் பை அளவுதான் வருகிறது.

தண்ணீர் கொஞ்சம் மேலே வந்திருந்தது. பாயின் ஓரம் நனைந்தது. பைகளை இழுத்து, பாயை இழுத்து, பின்னால் தள்ளி உட்கார்ந்தாள். மறுபடியும் குழாய், மறுபடியும் ஆரஞ்சு. முந்தாநாள் ராத்திரி கொசுவலைக்குள் படுத்தபடிதான் தாரணி சொன்னாள். இருட்டில் சொன்னாள், முகம் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். அவரைக் கட்டிக்கலாம்னு இருக்கேம்மா. அவருக்கு முதல்ல ஒரு கல்யாணம் ஆகி, எட்டு மாசத்துல முறிஞ்சிருச்சு. ஆளுங்களும் வேற. நீ ரெண்டு நாள் கூட இருந்து பாரு, உனக்குப் பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லு. இதற்காகத்தான் இந்த முதுகுப் பை, இந்தக் கடல், இந்த மீன் எல்லாம். ஆள் வேறு, சாதி வேறு என்பதைச் சங்கரலிங்கம் விழுங்கிவிடுவார், தன் தங்கச்சி மகன் வேறு சாதியில் கட்டிய கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து விழுங்கியவர்தானே. ஆனால் ரெண்டாந்தாரம் என்ற ஒரு வார்த்தை இருக்கிறதே. அது ஊரில் என்னவெல்லாம் செய்யும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு என்ன குறை, அவள் ஏன் போனாள், இவளுக்கு என்ன அவசரம், ஏதாவது ஆகிப்போச்சா. இவள் நேற்று இட்லிப்பொடியைக் குழைத்துக்கொண்டே, எங்கேயோ பார்த்தபடி அவனிடம் கேட்டும்விட்டாள், அந்தப் பிள்ளை ஏம்ப்பா போச்சு? அவங்க நல்லவங்கதானுங்க, எங்களுக்குத்தான் ஒத்து வரலீங்க, இப்ப கோயமுத்தூர்ல நல்லா இருக்காங்க என்றான். அவங்க. விட்டுப்போனவளை அவங்க என்கிறான். செண்பகவல்லிக்கு விக்கல் எடுத்தது. கூடவே இருந்து, மூன்று வேளை ஆக்கிப்போட்டு, ஒரு நாள்கூட விட்டுப்போகாத அவளை, இந்தா, ஏய், இங்க பாரு என்பதைத் தவிர யாரும் எதுவும் சொன்னதில்லை. போனவளையே இப்படிச் சொல்கிறவன் இருக்கிறவளை என்ன சொல்வான்? இதுதான், இந்த ஒரு வார்த்தைதான் அவளை அசைத்தது. இதை எப்படிப் போனில் சொல்வது? போனவளை இன்னும் அவங்கன்றானா, அப்ப மறக்கலைன்னுதானே அர்த்தம் என்பார் சங்கரலிங்கம். அவர் கையில் போனால் எதுவும் அப்படித்தான் திரும்பிக்கொள்ளும். மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுக்கிற கடை அவருடையது, சுத்தமாகக் கட்டிக் கொடுத்தாலும் மோட்டார் சில சமயம் தலைகீழாகச் சுற்றுமாம், காயில் இணைப்பை மாற்றிக் கொடுத்திருப்போம் என்பார். கடையில் அதைச் சரிசெய்ய அவருக்குத் தெரியும்.

மாப்பிள்ளை பார்த்தே அவருக்கு நெஞ்சு வறண்டுபோயிருந்தது. இரண்டு வருசமாக. தாரணி ஒவ்வொருத்தனாக வேண்டாம் என்றாள். சிவகாசி அச்சாபீஸ்காரப் பையன் வந்தபோது, என்ன மூக்கு இது, கொக்கி மாதிரி என்று அவர்தான் வாசலிலேயே முனகினார். தாரணி வேண்டாம் என்று சொன்ன மறுநிமிசம் அந்த மூக்கு ராஜ மூக்கு ஆகிவிட்டது. அப்படி ஒரு களையான பையன் எங்கே கிடைப்பான், படிச்ச திமிர், நீ குடுத்த இடம் என்று வீட்டில் தீபாவளி வரைக்கும் அந்த மூக்கைப் பற்றித்தான் பேச்சு. சாத்தூர்க்காரனும் அப்படித்தான், விருதுநகர் வாத்தியாரும் அப்படித்தான். வேண்டாம் என்று தாரணி சொல்லச் சொல்ல அவர்கள் எல்லாரும் வளர்ந்து அழகாகிப் பொன்னாகிப் போனார்கள். வாத்தியாருக்குக் கல்யாணம் ஆகி, பிள்ளை பிறந்து, அந்தப் பிள்ளைக்கு மொட்டையே போட்டாயிற்று, இன்னும் இவர் பெருமூச்சு விடுகிறார். நல்ல மனுசன்தான். மகள் காலில் முள் குத்தினால் இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஆனால் மகள் தானாக ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றால், அது தங்கமே ஆனாலும், உரசிப் பார்க்காமல் வீசிவிடுவார். வீசினால் தாரணி என்ன செய்வாள்? அவள் அழமாட்டாள், அதுதான் பயம். பெங்களூருக்குப் போய்விடுவாள், போனை எடுப்பாள், சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பாள், அப்படியே வருசம் போய்விடும், வீட்டில் இரண்டு பேர் டிவி முன்னால் உட்கார்ந்து யார் முதலில் தப்பாகச் சொன்னது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். இவள்தான் என்று ஆகும். சொன்னது இவள்தானே.

கை பாட்டுக்குச் சிப்பிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது, சட்டத்தில் குச்சி வைக்கிற மாதிரி, தலை எல்லாம் ஒரே பக்கமாக. நிமிர்ந்தபோது ஆரஞ்சைக் காணவில்லை. கறுப்புக் குழாய் இருந்தது. மகள் இருக்கிறாள், மூச்சு வந்தது, ஆனால் அந்த மூச்சு பாதியில் நின்றுகொண்டது. வலது பக்கம் பார்த்தாள், பாறை. இடது பக்கம் பார்த்தாள், படகு ஒன்று சும்மா ஆடிக்கொண்டிருந்தது. வெயில் தண்ணீரில் கண்ணாடிச் சில்லாகக் கொட்டிக்கிடக்க, அதற்குள் ஒரு நிறத்தை எங்கே தேடுவது. கிணற்றில் அலை கிடையாது என்றானே. வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தானே, இரண்டு தடவை பார்த்தவனுக்கு எப்படி. அவன் அம்மாவுக்கு யார் போன் போடுவது, ஒண்ணும் பயப்படாதீங்க என்றா, பஸ்ஸில் போனால் வாந்தி எடுக்கிற அந்த அம்மாவுக்கா. எழுந்தாள். வார் கணுக்காலில் இறுகி மூன்று பைகளும் கூடவே எழுந்து, அவளைப் பாயில் குப்புறத் தள்ளின. வாயெல்லாம் மணல். அந்த மணலோடுதான் கத்தினாள், இதுவரை தம்பி, ஏப்பா, இந்தாப்பா என்று சுற்றிச் சுற்றிப் போனவள், “சிவம்... ஏ சிவம்” என்று.

“ஏனுங்கம்மா, கூப்பிட்டீங்களா?”

பின்னாலிருந்து வந்தது குரல். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, கையில் மூடி சீவிய இளநீரோடு நின்றான். பாறை ஓரமாகக் கரையேறி, சாலைப் பக்கம் போய் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறான். வெயிலு அதிகமா இருக்குதுங்க, நீங்க தண்ணி பாட்டிலையே தொடலீங்க, பாத்துட்டே இருந்தனுங்க என்றான். கடலுக்குள் குப்புறப் படுத்து மீன் பார்க்கப் போனவன் இவள் தண்ணீர் குடித்தாளா என்று பார்த்திருக்கிறான். அவளுக்குக் கோபமாக வந்தது. கோபம்தான் அது, வேறென்ன, கண்ணில் தண்ணீர் வருகிற கோபம். சொல்லிட்டுப் போறதில்லையா, கரையில ஒரு மனுசி உக்காந்திருக்கான்னு நினைப்பில்லையா என்று தாரணியைத் திட்டுகிற குரலிலேயே திட்டினாள். தப்புதானுங்க என்று உட்கார்ந்து, அவள் கணுக்காலில் முறுக்கிக்கொண்ட வார்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டான். பையைத்தான் தொட்டான், காலில் விரல் படாமல் பார்த்துக்கொண்டான். இளநீர் இனித்தது, மணலும் சேர்ந்தே போயிற்று. அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான்.

“அப்பாகிட்ட நானே பேசிரட்டுங்களாம்மா? நீங்க எனக்காகத் திட்டு வாங்க வேண்டாமுங்க.”

“நீங்க பேசினா காரியம் கெட்டுது,” என்றாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது, அவனை நீங்க என்று சொல்லியிருக்கிறாள். அதைவிட, கெட்டுவிடக் கூடாத காரியம் என்று ஒன்று அவளுக்குள் இருந்திருக்கிறது, பார்த்துட்டுச் சொல்லுன்னு தாரணி கேட்டதற்கு அவளையறியாமல் பதில் சொல்லியாயிற்று. தூரத்தில் கறுப்புக் குழாய் நிமிர்ந்தது, தாரணி கையை ஆட்டினாள், இரண்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தாள்போலும், பல் தெரிந்தது. அந்தச் சிரிப்பை ஒரு டப்பாவில் போட்டு மூடிக் கோவில்பட்டிக்கு அனுப்ப முடிந்தால் ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

இந்த ஊரில் சூரியனுக்கு என்ன அவசரமோ, ஐந்து மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுகிறது. மரத்தடிக்கு மூன்று பேரும் நடந்து போனார்கள். அவன் தள்ளி, சிப்பி மாலை விற்கிற கடையில் ஒவ்வொரு மாலையாக எடுத்துப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டான். பார்க்கவில்லை, ஒரே மாலையையே எடுத்துக்கொண்டிருந்தான். தாரணி நகத்தைக் கடித்துக்கொண்டு பக்கத்தில். செண்பகவல்லி கோவில்பட்டிக்குப் போன் போட்டாள். கொசுவத்தி, பாலித்தீன் பை, இளநீர், அவங்க, எட்டு மாசம் என்று மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்தாள். சங்கரலிங்கத்தின் குரல் கேட்டதும் எல்லாம் சரிந்தது. மாவு புளிச்சிருச்சு, கேஸ் மாத்திட்டேன், நீ என்ன மீனெல்லாம் பாத்தியா என்றார். பிறகு, என்ன சத்தத்தையே காணோம், ஏதும் சொல்லணுமா என்றார். உம் என்றார். வந்துவிட்டது அந்த உம். கல்யாணம் ஆனவன் என்பது நாக்கின் நுனிவரைக்கும் வந்து எட்டிப்பார்த்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“உங்க மகளோட என்னால மல்லுக்கட்ட முடியல,” என்றாள். அவளே எதிர்பார்க்கவில்லை. “இங்க ஒரு பையனைப் பாத்தேன். பெருந்துறைக்காரன், இவ ஆபீஸ்ல வேலை. அவ்வளவு குணமா இருக்கான். நான்தான் கேட்டேன், இவனைப் பாப்போமாட்டின்னு. முடியவே முடியாதுங்கா.”

நகம் கடிப்பது நின்றது. தாரணி வாயைத் திறந்தாள், செண்பகவல்லி அவள் கையை இறுக்கிப் பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினாள்.

“ஏன் முடியாதாம்?” என்றார் அவர்.

“அவனுக்கு மொதல்ல ஒரு கல்யாணம் ஆகி, எட்டு மாசத்துல பிரிஞ்சுட்டாகளாம். அதைச் சொல்லியே வேண்டாம்ங்கா. ஆளுங்க வேறங்கா. நான் என்ன செய்ய?”

போனில் கடைச் சத்தம் மட்டும் கேட்டது, யாரோ மோட்டாரை ஓட்டிப் பார்த்து நிறுத்தினார்கள்.

“பிரிஞ்சா என்னவாம்,” என்றார் சங்கரலிங்கம். “ஊர்ல நடக்காததா? இவ என்ன ரதியா? எதைக் காட்டினாலும் வேண்டாம், எதைக் காட்டினாலும் வேண்டாம். பையன் குடிப்பானா?”

“வெத்தலைகூடப் போட மாட்டான். நமக்கு எதுக்கு வம்பு, விடுங்க. இவ ஒத்துக்க மாட்டா.”

“அது என்ன விடுறது? போனை அவகிட்ட குடு.”

“இப்ப வேண்டாம். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுக் கடலைப் பாத்து உக்காந்திருக்கா. நீங்க நிதானமா நாளைக்குப் பேசுங்க. நீங்கதான் எடுத்துச் சொல்லணும், நான் சொன்னா எங்க கேக்கா,” என்று சொல்லிவிட்டு, இன்னொரு கேள்வி வருவதற்குள் போனை அமர்த்தினாள். பிறகு தாரணியின் போனையும் கேட்டு வாங்கி அதையும் அணைத்தாள். இரண்டையும் பைக்குள் இட்லிப்பொடி டப்பாவுக்கு அடியில் செருகி ஜிப்பை இழுத்து மூடினாள். அங்கே கடையில் நல்லசிவம் மாலையைக் கீழே வைக்கவும் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றான். தாரணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, அம்மா, அம்மா என்று மட்டும் சொன்னாள். செண்பகவல்லி பையை முதுகில் ஏற்றி, வாரை நெஞ்சுக்கு நேராக இறுக்கிக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு நாளைக்கு நீ வேண்டாம்னே சொல்லிக்கிட்டு இரு,” என்றாள்.